பின்கள வீரர்களுக்கு ஒரு பாதை போடுங்கள்: கால்பந்துக் கூட்டமைப்புக்கு ஒரு திறந்த மடல்

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் நிர்வாகிகளுக்கும் தொழில்நுட்பக் குழுவினருக்கும்,

வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஆட்ட வாழ்க்கையின் கடைசிச் சில வருடங்களில் இருக்கும் நம் பின்கள வீரர்களை, அவர்கள் பூட்ஸைக் கழற்றி வைப்பதற்கு முன்பே பயிற்சியாளர்களாக வளர்த்தெடுக்க நீங்கள் முறையான ஒரு வழி செய்ய வேண்டும். எல்லா வீரர்களுக்கும் அது தேவைதான். ஆனால் டிஃபென்டர்களைத் தனியாகக் குறிப்பிட எனக்குக் காரணம் இருக்கிறது. இந்தியக் கால்பந்தின் சொந்த வரலாறே அந்தக் காரணத்தைச் சொல்கிறது.

தெற்காசியக் கால்பந்துப் போட்டியான சாஃப் கோப்பையை, 2023 இல் நடந்ததை, நினைத்துப் பாருங்கள். பெங்களூரு கண்டீரவா மைதானம். தலைமைப் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச், பாகிஸ்தானுடன் ஆடிய ஆட்டத்தில் ஒரு சிவப்பு அட்டை வாங்கினார். குவைத்துடன் ஆடிய குழு ஆட்டத்தில் இன்னொன்று. அரையிறுதியிலும் இறுதியிலும் கோட்டோரம் நிற்க அவருக்கு அனுமதி இல்லை. அந்த இரண்டு ஆட்டங்களிலும் அணியை நடத்தியவர் துணைப் பயிற்சியாளர் மகேஷ் கவ்லி. லெபனானுக்கு எதிராக 120 நிமிடம் கோல் விழவில்லை. பெனால்டியில் 4-2 என்று வென்றோம். ஜூலை 4 அன்று நடந்த இறுதியில் குவைத் முதலில் கோல் போட்டது. நம் சாங்டே சமன் செய்தார். பெனால்டி ஐந்து உதைகளில் முடியாமல் ஆறாவதுக்குப் போய், நம் கோல்கீப்பர் குர்பிரீத் தடுத்த பந்தில் கோப்பை நமக்கு வந்தது.

மறுநாள் செய்திகளில் குர்பிரீத், சேத்ரி, சாங்டே எல்லோரும் இருந்தார்கள். அது நியாயம். கவ்லியைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம் என்று எனக்கு அன்றும் தோன்றியது, இன்றும் தோன்றுகிறது. கோவாவில் பிறந்து, டாடா கால்பந்து அகாடமியில் பயின்று, டெம்போ அணி லீக் கோப்பைகளைக் குவித்த காலத்தில் அதன் பின்களத்தைக் காத்தவர். இந்திய அணிக்கும் பல வருடம் ஆடினார். தலைமைப் பயிற்சியாளர் திடீரென்று இல்லாமல் போனபோது, கட்டிக் காத்த ஒரு அணியைப் பதறாமல் கரை சேர்த்தார். ஸ்டிமாச்சும் ஒரு காலத்தில் பின்கள வீரர்தான். 1998 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த குரோஷிய அணியின் நடுப் பின்களத்தில் நின்றவர்.

இது தற்செயல் இல்லை. நம் பழைய கணக்கைப் புரட்டினால் இதே கதை திரும்பத் திரும்ப வரும். அதில் முதலில் வைக்க வேண்டிய பெயர் சையத் நயிமுதீன்.

அவருடைய வாழ்க்கையை உங்கள் அலுவலகத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறை உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஹைதராபாத்காரர். நாட்டுக்கே கால்பந்து கற்றுக்கொடுத்த அந்த ஊரிலிருந்து 1960களில் கொல்கத்தாவுக்குப் போனார். ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங் என்று மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடினார். கொல்கத்தா ரசிகர்களைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டமான விஷயம் என்று புரியும். 1970 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவின் கேப்டன் அவர்தான். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஜப்பானை 1-0 என்று வென்று வெண்கலம் வாங்கினோம். ஆசிய விளையாட்டில் நாம் கால்பந்துக்கு வாங்கிய கடைசிப் பதக்கம் அது. அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது.

பயிற்சியாளராக அவர் செய்தது இதைவிடப் பெரிது என்பேன். 1990 இல் அவர் கையில் இருந்த ஈஸ்ட் பெங்கால் ஒரே பருவத்தில் டுராண்ட், ரோவர்ஸ், ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என்ற மூன்று பெரிய கோப்பைகளையும் தூக்கியது. அதே 1990 ஆம் ஆண்டுக்கான துரோணாச்சார்யா விருது அவருக்குக் கிடைத்தது. கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவருக்கு அந்த விருது போனது அதுவே முதல்முறை. வீரராக ஆடியதற்கான அர்ஜுனா விருது 1997 இல்தான் வந்தது. வரிசையைக் கவனியுங்கள். குரு என்று நாடு அவரை முதலில் ஏற்றது, வீரர் என்று ஏற்க மேலும் ஏழு வருடம் ஆனது. பின்கள வீரர்களை நாம் எவ்வளவு மெதுவாகக் கவனிக்கிறோம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

1997 இல் காத்மாண்டு சாஃப் போட்டியின் இறுதியில் அவருடைய இந்திய அணி மாலத்தீவை 5-1 என்று அடித்து நொறுக்கியது. ஐ.எம்.விஜயன் உச்சத்தில் இருந்த காலம். 2005 கடைசியில் கராச்சியில் மறுபடியும் சாஃப் கோப்பை, இறுதியில் வங்கதேசத்தை 2-0 என்று வென்றார்கள். அப்போதும் பயிற்சியாளர் நயிமுதீனே. எட்டு வருட இடைவெளியில், முற்றிலும் வேறு வீரர்களை வைத்துக்கொண்டு, அதே கோப்பை. கண்டிப்பானவர், உடல்தகுதி விஷயத்தில் யாருக்கும் சலுகை தராதவர் என்று அவருக்குப் பெயர். ஆனால் கராச்சி வெற்றிக்குச் சில மாதங்களிலேயே, 2006 இல், ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றில் ஜப்பானிடமும் ஏமனிடமும் தோற்றதும் அவருடைய காலம் முடிந்தது. அதற்குப் பிறகு வந்த வெளிநாட்டுப் பயிற்சியாளர் பாப் ஹவுட்டனுக்கு ஏறக்குறைய ஐந்து வருடம் கிடைத்தது. ஸ்டிமாச்சுக்கு 2019 மே முதல் 2024 ஜூன் வரை ஐந்து வருடம். அவர்களுக்குக் கொடுத்த பொறுமையை நான் குறை சொல்லவில்லை. பொறுமை நல்லதுதான். அதே பொறுமையை நம்மவருக்கும் காட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்றே கேட்கிறேன்.

அடுத்தது சுப்ரதா பட்டாச்சார்யா. 1970களின் நடுவில் மோகன் பகானுக்கு வந்தார்; ஓய்வு பெறும்வரை வேறு கிளப்புக்குப் போகவில்லை. அதே கிளப்புக்குப் பயிற்சியாளராக வந்து 1999-2000, 2001-02 என்று இரண்டு தேசிய லீக் பட்டங்களை வென்று கொடுத்தார். 2002 இல் பதினேழு வயசுப் பையன் ஒருவன் மோகன் பகானில் சேர்ந்தபோது அங்கே பயிற்சியாளராக இருந்தவரும் அவர்தான். அந்தப் பையன் சுனில் சேத்ரி. வாழ்நாள் முழுக்க முன்கள வீரர்களைத் தடுத்தே பழகிய ஒரு மனிதரின் முன்னால் நம் நாட்டின் மிகப் பெரிய கோலடிப்பாளர் முதல் பாடம் படித்தார். எந்த ஓட்டம் தடுப்பவரைத் தொந்தரவு செய்யும், எது செய்யாது என்பது தடுத்தவருக்குத்தானே முதலில் தெரியும்?

கோவாவின் டெரிக் பெரைராவையும் சொல்லியாக வேண்டும். சல்கோகர் பின்களத்தில் ஆடியவர், 2005-06 இல் மும்பையின் மஹிந்திரா யுனைடெட்டைத் தேசிய லீக் சாம்பியன் ஆக்கினார். பின்னர் 23 வயதுக்கு உட்பட்ட இந்திய அணியையும் எஃப்.சி. கோவாவையும் நடத்தினார்.

சரி, டிஃபென்டர்களிடம் அப்படி என்ன இருக்கிறது?

களத்தை முழுதாகப் பார்த்தபடி ஆடுபவர்கள் அவர்கள். முன்கள வீரர் பெரும்பாலும் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பந்து வாங்குகிறார்; அவருடைய உலகம் இருபது கெஜத்துக்குள் சுருங்கிவிடும். நடுப் பின்களத்தில் நிற்பவருக்கு மீதி இருபது பேரும் எதிரே இருக்கிறார்கள். யார் களைத்துவிட்டார், யார் இடம் மாறி நிற்கிறார், எதிரணியின் லெஃப்ட் பேக் ஏறிப் போனால் பின்னால் எவ்வளவு இடம் கிடைக்கும் என்பதெல்லாம் தொண்ணூறு நிமிடமும் அவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

அப்புறம், பேச்சு. ஆஃப்சைடு கோட்டைப் பிடிப்பது, அதாவது பின்வரிசை முழுதும் ஒரே கோட்டில் ஏறி எதிரணி வீரரை ஆஃப்சைடில் சிக்க வைப்பது, நான்கு பேர் ஒரே நொடியில் செய்ய வேண்டிய வேலை. ஒருவர் அரை அடி பின்தங்கினாலும் மற்ற மூவரின் உழைப்பும் வீண். அதனால் நல்ல டிஃபென்டர் ஓயாமல் கத்திக்கொண்டே இருப்பார்: ஏறு, நில், உள்ளே வா, ஆளை விடாதே. பதினெட்டு வயது விங் பேக்குக்கும் முப்பத்தைந்து வயது கோல்கீப்பருக்கும் ஒரே நேரத்தில், இருவருக்கும் புரிகிற மாதிரி சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சியாளர் வேலையில் பாதி இதுதான். பத்துப் பதினைந்து வருடம் அதை வெயிலிலும் மழையிலும் செய்து பழகியவரை வெளியே நிறுத்திவிட்டு, வேறு யாரைத் தேடுகிறோம்?

இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருக்கிறது. ஸ்ட்ரைக்கர் ஐந்து வாய்ப்பைத் தவறவிட்டு ஆறாவதை அடித்தால் அன்றைய நாயகன். டிஃபென்டர் ஐம்பது பந்தைத் தடுத்துவிட்டு ஒன்றைக் கோட்டைவிட்டால் அதை மட்டுமே ஒளிபரப்புவார்கள். பழியைச் சுமந்துகொண்டு மறுநாள் காலை பயிற்சிக்கு வரப் பழகியவர்கள் இவர்கள். தோல்விக்குப் பிறகு ஒரு ஓய்வறையில் என்ன பேச வேண்டும், எதைப் பேசக் கூடாது என்று இவர்களுக்குத் தெரியும்.

முன்கள வீரர்கள் நல்ல பயிற்சியாளர் ஆக மாட்டார்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பி.கே.பானர்ஜி இருந்தார். எங்கள் திருச்சிப் பக்கத்திலிருந்து போய் 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்த சைமன் சுந்தரராஜ், 1973 இல் கேரளாவுக்கு முதல் சந்தோஷ் கோப்பையை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர். இன்றைய தேசியப் பயிற்சியாளர் காலித் ஜமில் நடுக்கள வீரர். ஐசால் என்ற சின்ன ஊர் அணியை 2016-17 இல் ஐ-லீக் சாம்பியன் ஆக்கியவர். 2025 ஆகஸ்டில் நீங்கள் அவரை நியமித்தபோது மனதாரச் சந்தோஷப்பட்டேன். சாவியோ மெடைராவுக்குப் பிறகு பதின்மூன்று வருடம் கழித்து அந்த இருக்கையில் ஓர் இந்தியர். அந்தக் கதவைத் திறந்த நீங்களே அடுத்த கதவையும் திறப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

டிஃபென்டரைப் பயிற்சியாளர் ஆக்கினால் பதினொரு பேரையும் கோலுக்கு முன்னால் நிற்க வைத்துவிடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. சென்னைக்காரர்களிடம் அதைச் சொல்ல முடியாது. 2006 உலகக் கோப்பை இறுதியில் தலையால் முட்டி கோல் அடித்த இத்தாலியின் பின்கள வீரர் மார்கோ மட்டராசி, 2014 இல் சென்னையின் எஃப்.சி.க்கு வீரராகவும் பயிற்சியாளராகவும் வந்தார். 2015 இல் நடுப்பருவத்தில் அணி பட்டியலின் அடியில் கிடந்தது. வெள்ளத்தில் சென்னை மூழ்கியதால் சொந்த ஊர் அரையிறுதியைப் புனேயில் ஆட வேண்டிவந்தது. அங்கே கொல்கத்தாவை 3-0 என்று சாய்த்தார்கள். டிசம்பர் 20, ஃபடோர்டாவில் இறுதி. எஃப்.சி. கோவா 2-1 என்று முன்னால் இருக்க, ஆட்டம் தொண்ணூறாவது நிமிடத்தைத் தொட்டுவிட்டது. அதன்பிறகு இரண்டு கோல். 3-2. அந்தப் பருவத்தில் 13 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கிய மென்டோசா, மட்டராசியின் ஆள். இதுவா தடுப்பாட்டம்?

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியையும் சொல்ல வேண்டும். ஜர்னைல் சிங் நம் பின்களத்தின் தூண். தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தார். பயிற்சியாளர் ரஹீம் சாகிப் அவரை முன்களத்துக்கு அனுப்பினார். இறுதியில் தென்கொரியாவுக்கு எதிரான இரண்டு கோல்களில் ஒன்று அவருடையது, தங்கம் நம்முடையது. முன்னால் எங்கே இடம் கிடைக்கும் என்று பின்னால் நின்றே படித்திருந்த ஒருவரால்தான் அது முடியும்.

வெளிநாட்டிலிருந்து ஒரே ஒருவரைச் சொல்கிறேன், ஏனென்றால் அவருடைய கதையில் உங்களைப் போன்ற ஒரு கூட்டமைப்பும் வருகிறது. இங்கிலாந்தின் ஜாக் சார்ல்டன். சுரங்கத் தொழிலாளியின் மகன். லீட்ஸ் யுனைடெட் தவிர வேறு கிளப்புக்கு ஆடாதவர். 29 வயதில்தான் நாட்டுக்காக முதல் ஆட்டம், அடுத்த வருடமே 1966 உலகக் கோப்பை. முக்கியமான விஷயம், ஆடிக்கொண்டிருக்கும்போதே பயிற்சியாளர் வகுப்புகளுக்குப் போய்க்கொண்டிருந்தார். அதனால் 1973 இல் மிடில்ஸ்பரோவை ஏற்றதும் தடுமாறவில்லை. முதல் பருவத்திலேயே இரண்டாம் டிவிஷனை வென்று மேலே கொண்டுபோனார். 1977 இல் இங்கிலாந்து அணியின் பயிற்சியாளர் பதவிக்கு விண்ணப்பித்தார். வேலை கிடைக்காததுகூடப் பரவாயில்லை, கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. இனி விண்ணப்பமே போடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். 1986 இல் அயர்லாந்து அவரைக் கூப்பிட்டது. அதுவரை ஒரு பெரிய போட்டிக்குக்கூடத் தகுதி பெறாத நாடு அது. 1988 ஐரோப்பியக் கோப்பையில், ஸ்டுட்கார்ட்டில், அவருடைய அயர்லாந்து முதல் ஆட்டத்திலேயே இங்கிலாந்தை 1-0 என்று தோற்கடித்தது. 1990 உலகக் கோப்பையில் காலிறுதி வரை போனார்கள். பத்து வருடம் அந்தப் பதவியில் இருந்தார். நீளப் பந்து ஆட்டம், அழகில்லை என்று திட்டியவர்களும் உண்டு. தன் வீரர்களால் எது முடியும் என்று தெரிந்து வைத்திருந்தார் என்பதே என் கருத்து.

நம் ஊர் சார்ல்டன்கள் எங்கே போகிறார்கள்? முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயதில் முழங்கால் போகிறது. ரயில்வேயிலோ வங்கியிலோ காவல் துறையிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை இருந்தால் அங்கே திரும்பிப் போய்விடுவார்கள். குடும்பத்துக்கு அது நல்லது, குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு தலைமுறையின் ஆட்ட அறிவு அந்த மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுகிறது. ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) காலத்தில் வந்தவர்களுக்கு அந்த வேலையும் இல்லை. ஒப்பந்தம் முடிந்தால் முடிந்தது. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் பயிற்சியாளர் லைசென்ஸ் ஏணியோ நீளமானது: சி, பி, ஏ, கடைசியில் ப்ரோ. ஒவ்வொரு படிக்கும் இடையே அணியோடு வேலை செய்திருக்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு முதல் படியில் கால் வைப்பவர் மேலே போய்ச் சேர்வதற்குள் அவரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

ஜெர்மனியின் பின்கள வீரர் பெக்கன்பவுவர் 1984 இல் லைசென்ஸ் இல்லாமலே மேற்கு ஜெர்மனியை ஏற்று 1990 இல் உலகக் கோப்பையை வென்றாரே என்று யாராவது சொல்லலாம். 1974 இல் கேப்டனாகவும் கோப்பை வாங்கிய அந்த மேதையை விதிவிலக்காகவே வைத்துக்கொள்வோம். நமக்கு வேண்டியது சாதாரண, உழைப்பாளிப் பின்கள வீரர் நடந்து போகக்கூடிய பாதை.

என்ன செய்யலாம் என்று கேட்டால், 28 வயதைத் தாண்டிய வீரர்களுக்குப் பருவ இடைவெளியில் சி லைசென்ஸ் வகுப்பு நடத்துங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் பின்கள வீரர்களுக்கும் கோல்கீப்பர்களுக்கும் சில இடங்களை ஒதுக்குங்கள். கட்டணத்தில் ஒரு பகுதியைக் கிளப்பும் கூட்டமைப்பும் ஏற்கட்டும். லீக்கின் நடுவரிசையில் ஆடும் ஒரு டிஃபென்டருக்கு அந்தத் தொகை சின்னதல்ல. கையேடும் மதிப்பீடும் தமிழ், மலையாளம், வங்காளம், மணிப்பூரி, மிசோ என்று அவரவர் மொழியில் இருக்கட்டும். களத்தில் எந்த மொழியில் கத்தினாரோ அந்த மொழியில்தான் அவர் சொல்லிக் கொடுக்கப் போகிறார்.

லைசென்ஸ் வாங்கியவரை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். 13, 15 வயதுப் பிள்ளைகளின் அணிகளில் அவரைச் சம்பளத்தோடு சேருங்கள். தேசிய அணியின் ஒவ்வொரு முகாமிலும் ஓய்வுபெற்ற ஓர் இந்தியப் பின்கள வீரர் பார்வையாளராகவாவது இருக்கட்டும். பெண்கள் அணிகளுக்கும் இதேதான். அங்கே தேவை இன்னும் அதிகம். பதவிக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொருவருக்கும், ஏன் எடுத்தோம், ஏன் எடுக்கவில்லை என்று இரண்டு வரி பதில் எழுதுங்கள். நியமித்தால் குறைந்தது இரண்டு பருவம் கொடுங்கள்.

நயிமுதீன், சுப்ரதா போன்றவர்களின் நினைவுகளையும் பயிற்சி முறைகளையும் உட்கார்ந்து கேட்டு, படம் பிடித்து, எழுதி, லைசென்ஸ் வகுப்புகளில் பாடமாக வையுங்கள். டச்சு முறையும் ஸ்பானிய முறையும் கற்றுக்கொள்ளட்டும், நல்லதே. பாங்காக்கில் ஜப்பானை எப்படி நிறுத்தினோம் என்பதும் அந்த வகுப்பில் இருக்க வேண்டும். நயிமுதீன் 1944 இல் பிறந்தவர். இந்த வேலையைத் தள்ளிப்போட நமக்கு நேரமில்லை.

அடுத்த பருவத்துக்கான லைசென்ஸ் வகுப்புகளின் அட்டவணையை நீங்கள் வெளியிடும்போது, ஆடிக்கொண்டிருக்கும் வீரர்களுக்கான முதல் வகுப்பின் தேதியும் இடமும் அதில் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். சென்னையிலும் ஒன்று நடத்துங்கள்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு கால்பந்து ரசிகன்